போட் மெயிலும் நம் மக்களும்

சென்னை எழும்பூருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடும் விரைவு வண்டிகளில் ஒன்றை முதியோர் பலர் இன்றும் 'போட் மெயில்' என்றே அழைக்கின்றனர். இன்று அந்த வண்டி எந்தப் படகையும் சென்று சேர்வதில்லை. 1914-ஆம் ஆண்டு முதல் 1964 டிசம்பர் வரையில் இப்பெயருக்குரிய வண்டி தனுஷ்கோடித் துறைமுகம் வரை சென்றது. அங்குக் காத்திருந்த நீராவிக் கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறக்கியது. அங்கிருந்து மற்றொரு புகைவண்டி அவர்களைக் கொழும்புக் கோட்டை நிலையத்துக்குக் கொண்டு சேர்த்தது. எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை செல்லலாம் என்பது அக்காலத்தில் ஒரு புதுமை.

இவ்வண்டியைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. அவற்றுள் பெரும்பாலானவை இருவகை. ஒருவகை, முதல் வகுப்புப் பெட்டியின் சொகுசையும், கடற்காற்றையும், கொழும்பிலிருந்து வணிகர் கொண்டுவந்த பொருள்களையும் வியப்பவை. மற்றொரு வகை, 1964-ஆம் ஆண்டுப் புயலில் கடலுக்குப் பலியான வண்டியைச் சொல்லி அழிந்த தனுஷ்கோடியின் படங்களைக் காட்டுபவை. செய்தித்தாள்களுக்கோ இந்த வண்டி என்றதும் நினைவுக்கு வருவது 1952-ஆம் ஆண்டின் ஆளவந்தார் கொலை வழக்கு. தலையற்ற உடலைக் கொண்ட பெட்டி இவ்வண்டியிலேதான் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. இவற்றையெல்லாம் படித்து முடித்தபின்னும், இந்தப் பாதையில் மிகப் பெருந்தொகையாகச் சென்றவர்கள் யார், எதற்காகச் சென்றார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. அவ்விடை நம் சேரிகளிலும் குடிசைகளிலும் இருக்கிறது. இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளருள் பெரும் பகுதியினர் அரசுப் பதிவேடுகளில் பறையர், பள்ளர், சக்கிலியர் எனக் குறிக்கப்பட்ட நம் முன்னோரே ஆவர். அவர்களுடைய உழைப்பு அக்கரையில் தேவைப்படாமல் இருந்திருந்தால், இக்கரையில் இவ்வளவு பெரும் பொருட்செலவில் கடலின்மேல் பாலம் கட்டப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

இருப்புப்பாதைக்கு முன்னரே இப்பயணம் தொடங்கிவிட்டது. 1830-களில் இலங்கையின் மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைத் தொடங்கியபோது ஆள் பிடிக்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களை நாடினர். திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் மக்கள் கூட்டங் கூட்டமாக இராமநாதபுரம் கடற்கரைக்கு நடந்தனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு மீண்டும் நடை. நீரற்ற, காய்ச்சல் மிகுந்த அந்தக் காட்டுவழியில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டவர்களுக்குக் கணக்கு வைத்தவர் எவருமில்லை. கிராமத்தில் இன்றும் வயது முதிர்ந்தோர் வாயில் 'கண்டிக்குப் போனான்' என்ற வழக்கு உண்டு. கண்டி என்பது அவர்களுக்கு ஓர் ஊரின் பெயராக இருக்கவில்லை. திரும்பி வருவது உறுதியில்லாத ஒரு சீமையின் பெயராக இருந்தது.

இவ்வளவு துன்பம் இருந்தும் ஏன் சென்றார்கள்? நம் வரலாற்றை எழுதுவோர் இதற்கு ஒரு காரணத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். பஞ்சம் ஒரு காரணம்தான். 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம் தென்னாட்டையே சூறையாடியது. ஆனால் பஞ்சமில்லாத ஆண்டுகளிலும் நம்மவர் சென்றனர். 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று கூறியது. அச்சட்டம் ஏட்டில் இருந்தது. வயலில் பண்ணையாள் முறை இருந்தது. தலைமுறைக் கடனுக்காகப் பிறந்த பிள்ளையும் மிராசுதாரின் ஆளாகவே வளர்ந்தான். குடியிருந்த மனைக்கட்டுக்கூட அவனுடையதன்று. அவனுக்கு முன்பணம் கொடுத்து, கூலியும் அரிசியும் உண்டென்று கூறி அழைத்த கங்காணி, ஒரு வகையில் புதிய எசமானனின் தரகன். மற்றொரு வகையில் பழைய எசமானனிடமிருந்து தப்பும் ஒரே வழி. இவ்விரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் பார்ப்பவர், புறப்பட்டுச் சென்ற நம் பாட்டன்மாரை ஏமாந்த மந்தையாகக் கருதுகின்றனர், அல்லது விடுதலை வீரராகப் புனைகின்றனர். அவர்கள் தமக்கிருந்த இரண்டு கொடுமைகளுள் கூலி தருவதாகச் சொன்ன ஒன்றைத் தேர்ந்தனர்.

1869-இல் காப்பிச் செடியில் தோன்றிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. அவ்விடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆட்கள் மிகுதியாக வேண்டும். வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் செடி. கொழுந்து பறிக்கப் பெண்களின் கை வேண்டும். களை பிடுங்கச் சிறுவரின் கை வேண்டும். ஆகவே தனியாளாகச் சென்ற காலம் மாறிக் குடும்பம் குடும்பமாகச் செல்லும் காலம் வந்தது. இம்மாற்றத்தை மனத்திற் கொண்டால்தான் பின்னர் அமைந்த இருப்புப்பாதையின் தேவை விளங்கும். தோட்ட முதலாளிகளுக்கு வேண்டியது ஆண்டு முழுவதும் வற்றாமல் வந்துகொண்டிருக்கும் ஆள் வெள்ளம்.

1876-இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தபின் பலர் அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்புக்குச் சென்றனர். அஃது ஓர் இரவுக் கடற்பயணம். அதைச் சுருக்கத்தான் பாம்பன் வழி தேடப்பட்டது. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-இல் பாதை முடிந்தது. கடலின்மேல் பாலம் 1911-இல் தொடங்கப்பட்டு 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும் 145 கண்களும் உடையது அப்பாலம். நடுவே கப்பல்களுக்கு வழிவிடத் தூக்கப்படும் பகுதியை வடிவமைத்தவர் ஷெர்சர் என்னும் பொறியாளர். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அப்பகுதியை எந்த எந்திரமும் தூக்கவில்லை. தொழிலாளர் இருபுறமும் நின்று நெம்புகோலைச் சுற்றித்தான் திறந்தனர், மூடினர். பாம்பனிலிருந்து முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்கும், கிளைப் பாதை இராமேஸ்வரத்துக்கும் சென்றன. கோயிலுக்குச் செல்லும் பாதை கிளையாகவும், கூலியாள் செல்லும் பாதை முதன்மையாகவும் இருந்தன என்பதை இங்கே குறித்துவைப்பது தகும்.

இனி, நம்மவர் இப்பாதையில் எவ்வாறு அழைத்துச் செல்லப்பட்டனர் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இளைஞர்கள் பாடப் புத்தகங்களில் இதைக் காண்பது அரிது.

தோட்டத்துத் துரை பெரிய கங்காணியிடம் பணம் கொடுப்பார். கங்காணி தன் ஊருக்கும் சுற்றூர்களுக்கும் வந்து, ஆளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பான். கடன் தீர்க்கவும், துணி வாங்கவும், வழிச்செலவுக்கும் கொடுத்த ஒவ்வொரு காசும் அந்த ஆளின் பெயரில் பற்று எழுதப்படும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. இவ்வாறு சேர்ந்த கடன் முழுவதையும் ஒரு சீட்டில் எழுதித் தருவது 'துண்டு' எனப்பட்டது. இத்தொகையைச் செலுத்தினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கத் தடையில்லை என்பது அச்சீட்டின் பொருள். கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குச் செல்வான். அந்தத் துரை பணத்தைக் கட்டிக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். மனிதரை விற்றதாகவோ வாங்கியதாகவோ எங்கும் எழுதப்படவில்லை; கடன் கைமாறியது என்று மட்டுமே எழுதப்பட்டது. இம்முறை 1921-இல் இலங்கைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு கங்காணியின் கையில் இருந்தது. தொழிலாளியின் கழுத்திலோ வேறொன்று தொங்கியது. அதுவே தகரச் சீட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை இது. வட்டமான சிறு தகரத்தில் தோட்டத்துக்குரிய எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டவருக்கு வழியில் காசு வேண்டுவதில்லை. இரயிலும் கப்பலும் முகாமும் அவரை ஏற்றுக்கொண்டு, அந்த எண்ணைப் பார்த்து உரிய தோட்டத்துக்குக் கணக்கு அனுப்பும். அத்தோட்டம் அந்தத் தொகையைத் தொழிலாளியின் கடனில் சேர்க்கும். காசில்லாத ஏழைக்கு இது வசதி என்று அன்று கூறப்பட்டது. மற்றப் பயணியர் கையிலிருந்த சீட்டில் ஊரின் பெயர் இருந்தது. நம்மவர் கழுத்திலிருந்த சீட்டில் முதலாளியின் எண் இருந்தது. மேலும், அத்தகரம் ஒருவரை வேறு தோட்டத்துக்குச் செல்லவிடாது. வழிதவறியவரையும் தப்பியோடியவரையும் எந்த இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்தத் தோட்ட முதலாளிகள் 1904-இல் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் ஒன்றை நிறுவினர். அதன் தலைமையகம் இலங்கையில் இல்லை, திருச்சியில் இருந்தது. அங்கிருந்து மாவட்டந்தோறும் அதன் முகவர்கள் செயற்பட்டனர். சேர்ந்தவர்கள் முன்னர்த் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறை முகாமுக்கும், பாம்பன் வழி திறந்தபின் மண்டபம் முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர்.

மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய இடம். பிளேக்கும் வாந்திபேதியும் அம்மையும் தீவுக்குள் நுழையாமல் காப்பது அதன் நோக்கம். தொழிலாளரும் அவர்தம் பெண்டு பிள்ளைகளும் சில நாள் அங்கு அடைத்துவைக்கப்பட்டனர். துணிகள் நோய்நீக்கம் செய்யப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, மருத்துவர் ஒவ்வொருவரையும் பார்த்துத் தகுதியுண்டு, தகுதியில்லை எனப் பிரித்தார். தொற்றுநோய்த் தடுப்பு தேவையற்றது என்று எவரும் சொல்லார். ஆனால் மேல் வகுப்பில் பயணம் செய்தோர் இவ்வாறு அடைத்துவைக்கப்படவில்லை. நோய்க்கிருமி வகுப்பு பார்ப்பதில்லை, விதி பார்த்தது. கிராமத்தில் தீட்டு என்று ஒதுக்கிவைக்கப்பட்டவனுக்கு இங்கே அதுவே நோய்த்தடுப்பு என்னும் பெயரில் எதிர்ப்பட்டது என்று தோன்றினால் அதில் வியப்பில்லை.

முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டோர் புகைவண்டியேறிப் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடித் துறையை அடைந்தனர். வண்டி கப்பலுக்கருகிலேயே சென்று நின்றது. சுங்கச்சாவடியும் அஞ்சலகமும் துறைமுக அலுவலகங்களும் கொண்ட சுறுசுறுப்பான ஊர் அது. இந்தியப் பகுதி மீட்டர் பாதை, இலங்கைப் பகுதி அகலப் பாதை. ஆகவே பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோக வழியில்லை. ஆட்கள்தாம் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி ஏற வேண்டும். மெயில் வண்டியில் வந்த வணிகரும் வழக்குரைஞரும் அதே கப்பலில் மேல் தளத்தில் நாற்காலியில் அமர்ந்தனர். 1920-களில் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இவ்வழியே இலங்கை சென்றனர் என்றால், அக்கப்பலின் கீழ்த்தளம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இரயிலைப் பற்றி வேறொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் மக்களுக்குப் பொதுத் தெருவும் பொதுக் கிணறும் மறுக்கப்பட்டிருந்த காலம் அது. அவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்ததும், அதன்படி அரசாணை பிறந்ததும் 1924-இல்தான். அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே மூன்றாம் வகுப்புப் பெட்டியின் மரப் பலகை, சீட்டு வைத்திருந்த எவரையும் உட்காரவிட்டது. பக்கத்தில் இருந்தவர் முகஞ்சுளித்து விலகியிருக்கலாம்; ஆனால் இறங்கு என்று சொல்ல அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. அக்கிரகாரத் தெருவில் நடக்க முடியாதவன் அக்கிரகாரத்தை ஊடறுத்துச் செல்லும் வண்டியில் அமர்ந்து போனான். எனினும் பெட்டியை விட்டு நிலையத்தில் இறங்கினால் பழைய உலகமே எதிரில் நின்றது. தென்னிந்திய இரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம், ஏனையோருக்கு வேறிடம் என்ற பிரிவினை இருந்தது. பெரியாரின் இயக்கமும் நீதிக்கட்சியும் தொடர்ந்து போராடியதன் பயனாக 1941-இல்தான் அஃது ஒழிந்தது.

அக்கரையில் சாதி கடலைத் தாண்டாமல் நின்றுவிட்டதா? இல்லை. கங்காணி பெரும்பாலும் மேற்சாதியினன். அவன் கீழிருந்த கூட்டம் நம்மவர். லயன்கள் எனப்பட்ட வரிசை வீடுகளும் பல தோட்டங்களில் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது எல்லோரும் ஒரே வரிசை. மாலையில் லயத்துக்குத் திரும்பினால் வெவ்வேறு வரிசை. ஆயினும் ஒரு வேறுபாடு இருந்தது. ஊரில் நெல்லாகவும் கம்பாகவும் படியளக்கப்பட்ட உழைப்பு இங்கே நாட்கூலியாக, பெண்ணுக்கும் தனிப் பெயரில் எழுதப்பட்டது. 1923 முதல் பயணச் செலவு பொது நிதியிலிருந்து கொடுக்கப்பட்டதால், வந்து இறங்கும்போதே கடனாளியாகும் நிலை நீங்கியது. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இச்சீர்திருத்தங்களைத் தோட்ட முதலாளிகள் தாமாகத் தரவில்லை. 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம், இங்கிருந்து ஆள் வேண்டுமானால் இன்னின்ன நிபந்தனைகள் என்று கூறும் நிலையை இந்திய அரசுக்கு அளித்திருந்தது.

தொழிலாளராக அல்லாமல் வேறு நோக்கத்துடன் இலங்கை சென்ற நம்மவரும் உண்டு. பாலம் கட்டப்படுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர், 1898-இல், அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். அதே தீவுக்குக் கூலித் தொழிலாளராக ஆயிரக்கணக்கானோர் சென்ற காலத்தில், சாதியை மறுக்கும் நெறியைத் தேடி நம்மவர் ஒருவர் அங்குச் சென்றார் என்பது நினைக்கத்தக்கது.

1930-களில் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தமிழர் ஏறத்தாழ ஏழு லட்சம். உலகப் பொருளாதார வீழ்ச்சியால் தேயிலை விலை சரிந்தபோது, பலர் இதே வண்டியில் திருப்பியனுப்பப்பட்டனர். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. போட் மெயிலின் உண்மையான முதற்காலம் அத்துடன் முடிந்தது எனலாம். அதன்பின் ஊருக்கு வந்து போவோரும், வணிகரும், உறவினரைப் பார்க்கச் சென்றோருமே அதன் பயணிகள்.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், முன்னோர் அங்கே பிறந்தவர் என்று பத்திரம் காட்ட முடியாத தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? இந்தியாவும் அவர்களைத் தன் குடிகளாக ஏற்கவில்லை. அக்காலத்தில் 'கள்ளத்தோணி' என்னும் வசைச்சொல் தமிழர்மீது வீசப்பட்டது. திருச்சியில் பெயர் பதிந்து, மண்டபத்தில் மருத்துவர் பார்த்து, அரசின் இரயிலிலும் கப்பலிலும் ஏற்றப்பட்டுச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் கள்ளத்தோணியில் வந்தவர்கள் எனப்பட்டனர். நம் வரலாற்றில் இதைவிடப் பெரிய பொய் அதிகம் இல்லை.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டனர். 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் எழுதப்பட்டது. அவ்வெஞ்சியோரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கீடு என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன்; போக விருப்பமா, இருக்க விருப்பமா என்று அம்மக்களைக் கேட்டுச் செய்த உடன்படிக்கை அன்று அது.

அவ்வுடன்படிக்கை கையெழுத்தாகி எட்டு வாரம்கூட நிறையவில்லை. டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து 11-55 மணிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி, ஆறு பெட்டிகளுடன் தனுஷ்கோடியை நெருங்கும்போது பேரலையில் மூழ்கியது. 110 பயணிகளும் 5 இரயில்வே ஊழியரும் அதில் இருந்தனர் என்பது அரசுக் கணக்கு; சீட்டில்லாது ஏறியவர் கணக்கில் வாரார். ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் துறையும் நிலையமும் தண்டவாளமும் ஓரிரவில் போயின. அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அறிவித்தது. பாம்பன் பாலத்தின் கண்கள் பல கடலில் விழுந்தன. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. ஆனால் பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான பாதையில் மீண்டும் வண்டி ஓடவில்லை. ஐம்பது ஆண்டுச் சேவை அன்றோடு முடிந்தது. அவ்விரவில் மாண்டவர் பட்டியலைத் தேடுவோர், புகழ்பெற்ற மெயிலைத் தேடாமல் இந்தச் சாதாரணப் பாசஞ்சரையே தேட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் வழக்கம் தவறானது.

கப்பல் மட்டும் நிற்கவில்லை. அது இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 'இராமானுஜம்' என்னும் கப்பலை மலையக மக்கள் எவரும் மறந்திருக்க முடியாது. உடன்படிக்கையின்கீழ் இந்தியா வந்தோர், தோட்டத்துக்கருகே புகைவண்டி ஏறி, தலைமன்னாரில் அக்கப்பலில் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கினர். வழியனுப்ப வந்தவர் கதறி அழுததால் அவ்வண்டிக்கு 'அழுகை வண்டி' என்றுகூடச் சிலர் பெயரிட்டனர். இறங்கியவர் அழைத்துச் செல்லப்பட்ட இடம் எது? மண்டபம் முகாம். பாட்டனைப் பரிசோதித்து அனுப்பிய அதே இடத்தில் பேரனின் பெயர் பதியப்பட்டது. 1984-இல் உள்நாட்டுப் போரால் கப்பல் நிற்கும்வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர், உடன்படிக்கைக்குப்பின் பிறந்த அவர்தம் பிள்ளைகளையும் சேர்க்காமல், இவ்வாறு வந்து சேர்ந்தனர்.

அவர்களுக்குப் 'பூர்வீக ஊர்' என்று ஓர் ஊர் ஏட்டில் இருந்தது. அங்கே நிலமில்லை, வீடில்லை, பலருக்கு முகமறிந்த உறவினரும் இல்லை. சேரியின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டவர் பலர். வணிகக் கடன் என்று அரசு கொடுத்த சிறு தொகை, வணிகமே அறியாத கொழுந்து பறிப்போர் கையில் சில மாதங்களில் கரைந்தது. நீலகிரியில் 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களான டான்டீயில் ஒரு பகுதியினர் வேலை பெற்றனர். கேரளத்திலும் கர்நாடகத்திலும் அரசு இரப்பர்த் தோட்டங்களுக்குச் சிலர் அனுப்பப்பட்டனர். தமக்குத் தெரிந்த மலைவேலையைத் தேடித் தாமாகவே கொடைக்கானல் மலைக்குச் சென்றவருள் பலர் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் பெற்றுக் கொத்தடிமைகளாயினர். கங்காணியின் கடனிலிருந்து நூறாண்டு உழைத்து விடுபட்டோரின் பிள்ளைகள், தாய்நாடு என்று வந்து மீண்டும் முன்பணத்தில் சிக்கினர்.

இன்று தலைமன்னார்ப் பாதை போரில் அழிந்து, 2015 மார்ச்சில் மறுபடி திறக்கப்பட்டு, வண்டி துறை வரை வந்து நிற்கிறது. எதிர்க்கரையிலிருந்து வரும் கப்பல் இல்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 2017-இல் சாலை வந்துவிட்டது. 2019-இல் தனுஷ்கோடி இரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாதை இன்னும் அமையவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி எந்திரத்தால் செங்குத்தாக உயர்கிறது.

நம் இளைஞருக்கு இவ்வரலாறு வேறு வகையிலும் வேண்டப்படுகிறது. தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளைகள் கல்லூரிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் கேட்கும்போது, பூர்வீக ஊர் எது, அங்கே உறவினர் யார், முன்னோருக்குச் சான்றிதழ் உண்டா என்ற கேள்விகள் எழுகின்றன. மூன்று தலைமுறை அக்கரையில் வாழ்ந்தவரிடம் இதற்குத் தாள் இருப்பதில்லை. ஆதிதிராவிடர் என்பதாலேயே ஊரை விட்டுச் செல்ல நேர்ந்தவரின் பேரனுக்கு, ஆதிதிராவிடர் என்பதற்குச் சான்றில்லை என்று பதில் வருகிறது. இத்தகைய குடும்பங்கள் நம் பகுதியிலும் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டுப் பெட்டியடியில் கிடக்கும் காகிதங்களைப் பழந்தாள் வணிகரிடம் போட்டுவிடலாகாது. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் வழங்கிய கடவுச்சீட்டு, அதனோடு கொடுக்கப்பட்ட குடும்ப அட்டை, மண்டபம் முகாமின் பதிவு, தோட்டத்தின் சேமநிதிச் சீட்டு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது இந்தியாவிலுள்ள ஊரின் பெயரும் வட்டத்தின் பெயரும் பெரும்பாலும் காணப்படும். அந்த ஊரைக் கொண்டே வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை கோரலாம். தகரச் சீட்டு எவரிடமேனும் எஞ்சியிருந்தால் அதையும் காட்டலாம். அதில் ஊர்ப் பெயர் இராது, தோட்டத்தின் எண் மட்டும் இருக்கும். ஆனால் அந்த எண்ணைக் கொண்டு தோட்டத்தையும், தோட்டத்தின் பதிவேட்டைக் கொண்டு ஊரையும் தேட இயலும்.